பவுன் கொடுத்த மாத்திரை

வாரத்தின் நடுவில், பட்டப்பகலில், தமிழரசி ஹாஸ்டலிலிருந்து பெட்டியும் படுக்கையுமாக வீட்டு வாசலில் வந்து நின்றாளே, அந்த இடத்தில் போன வாரம் விட்டோம். "என்னட்டி, லீவா?" என்று அம்மா பவுன் கேட்டாள். "இல்லம்மா, ஜுரம்" என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போனவள்தான். பின்னாலேயே போய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தால் ஜுரமாவது, மண்ணாங்கட்டியாவது! நெற்றி பச்சைத் தண்ணீராய்க் குளிர்ந்து கிடந்தது.

அதற்கப்புறம் நாலு நாள் போய்விட்டது. படுத்தவள் எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டால் வருவாள். தட்டு வைத்தால் உட்காருவாள். ரசம் சாதத்தை இரண்டு வாய் பிசைந்துவிட்டு, "போதும்மா" என்று எழுந்துவிடுவாள். எம்.பி.பி.எஸ். இரண்டாம் வருஷம் படிக்கிற பெண். பன்னிரண்டாவதில் மார்க் வாங்கி, யார் காலிலும் விழாமல் மெரிட்டில் சீட் பிடித்த பெண். அவள் தலை வாராமல், ஒரே நைட்டியில், சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்?

"படிச்ச அலுப்பு. தூங்கட்டும், விடு" என்றார் சுப்பையா. சொல்லிவிட்டு டிபன் கேரியரை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு ஃபாக்டரிக்குப் போய்விட்டார். சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து வாலிப வயசில் பூனாவுக்கு வந்து, கிர்க்கி வெடிமருந்து ஃபாக்டரியில் ஹெல்பராய்ச் சேர்ந்து, மெஷினிஸ்டாகி, குவார்ட்டர்ஸும் வாங்கிக் குடும்பம் நடத்துகிற மனுஷர். இரும்பில் மயிரிழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார். மகள் விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டாரா என்று பவுனுக்கு ஆத்திரமாய் வந்தது.

மகன் வசந்தகுமாரிடம் சொல்லலாம் என்றால், அவனுக்கு ஊருக்கு வெளியே போசரியில் கம்பெனி வேலை, ஓவர்டைம். வீட்டுக்குத் தூங்கத்தான் வந்தான்.

அப்படி இப்படி என்று ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. பவுன் பயந்துகொண்டிருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துத்தான்.

சுப்பையா வீட்டு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நம் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதிதாக வந்திருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. குவார்ட்டர்ஸில் அவர்கள் லைன், எதிர் லைன், பின் லைன் என்று எங்கே தமிழ்க் குடும்பம் இருந்தாலும், அவர்களுக்கெல்லாம் அது ஓ.பி. நாள். ஹாஸ்டலிலிருந்து மகள் வந்துவிட்டால் போதும், டிபன் முடிந்ததும் சுப்பையா வாசலில் பெஞ்சை இழுத்துப் போட்டுவிடுவார். ரிட்டயராகி ஊருக்குப் போன அருணாச்சலம் அண்ணாச்சி விட்டுப்போன பி.பி. கருவியைத் துடைத்து ஸ்டூலில் வைப்பார். "டாக்டரம்மா குளிச்சிட்டு வாரா, செத்த இருங்க" என்று வந்தவர்களை உட்கார வைப்பார். மகளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகிறது. எல்லாம் டாக்டரம்மாதான்.

அவள் எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்துகொண்டிருந்த காலத்திலேயே இந்த ஓ.பி. தொடங்கிவிட்டது என்பதுதான் வேடிக்கை. "அப்பா, நான் இன்னும் டாக்டர் ஆகல" என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். "பி.பி. பாக்கதுக்கு எதுக்கும்மா டிகிரி?" என்று சிரித்துவிட்டார்.

மருந்துக்கு ஒரு டின் உண்டு. அதே லைன் காசிம் பாயின் மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த பிஸ்கட் டின், நீல நிறம். மருந்துக் கம்பெனிக்காரர்கள் டாக்டர்களுக்குச் சும்மா கொடுக்கும் சாம்பிள் மாத்திரைகளை சீனியர்கள் தமிழரசியிடம் அள்ளிக் கொடுப்பார்கள். அவள் வெள்ளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வருவாள். துவைக்க எடுக்கும்போது பவுன் பையைத் துழாவி, இருப்பதை டின்னில் போட்டு வைப்பாள். மகள் ஹாஸ்டலில் இருக்கும் நாட்களில் யாராவது கேட்டு வந்தால் பவுனே எடுத்தும் கொடுப்பாள். பவுனுக்கு இங்கிலீஷ் தெரியாது. நிறம்தான் அடையாளம். சிவப்பு அட்டை சத்துக்கு, வெள்ளி அட்டை வாய்வுக்கு என்று அவளாக ஒரு கணக்கு வைத்திருந்தாள். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. இருக்காதா பின்னே, டாக்டரைப் பெற்றவள் அல்லவா!

"இன்னைக்குப் பெஞ்சு வேண்டாங்க. புள்ளை படுத்துக் கெடக்கா" என்றாள் பவுன்.

"நாலு மனுசரைப் பாத்தா தானே தெளிஞ்சிருவா" என்றார் சுப்பையா. சொல்லும்போது அவர் பவுனின் முகத்தைப் பார்க்கவில்லை. பெஞ்சின் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் ஜனவரிக் குளிர். காசிம் பாய் குல்லாவும் மஃப்ளருமாக வந்து உட்கார்ந்தாயிற்று. எதிர் லைன் அமலா சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்துவிட்டாள். பின்னால் இன்னும் இரண்டு பேர். இனி என்ன சொல்லி அனுப்புவது?

பவுன் உள்ளே போனாள். "தமிழு, எந்திரி தாயி. அப்பா பெஞ்சைப் போட்டுட்டாவ."

"என்னால முடியாதும்மா."

"பி.பி. மட்டும் பாத்து அனுப்பிரு. நான் பக்கத்துலயே நிக்கேன்."

தமிழரசி எழுந்து, முகம் கழுவி, சுடிதாரை மாட்டிக்கொண்டு வந்து ஸ்டூலுக்கு எதிரே உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் பவுனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பாவி மனசு, எதற்கெல்லாம் சந்தோஷப்படுகிறது பாருங்கள்.

காசிம் பாய் கையை நீட்டினார். தமிழரசி பட்டையைச் சுற்றினாள், காற்றை அடித்தாள், முள்ளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். முள் நின்ற இடத்தில் நிற்க, அவள் கண்ணும் அங்கேயே நின்றுவிட்டது.

"எம்மா, கை மரத்துப் போச்சு. காத்தை விடும்மா" என்றார் காசிம் பாய்.

எல்லாரும் சிரித்தார்கள். தமிழரசியும் சிரிக்கப் பார்த்தாள். வாய் கோணியதே தவிர சிரிப்பு வரவில்லை.

அடுத்தது அமலா. உட்காரும் முன்பே புகார்.

"பவுனக்கா குடுத்த மாத்திரை எனக்கு ஒத்துக்கலை தமிழு. தூக்கம் வரலைன்னு கேட்டு வாங்கிட்டுப் போனேன். இருந்த தூக்கமும் போச்சு. வயித்தைப் புரட்டுது, காபி குடிச்சா வாந்தி வருது." சால்வைக்குள்ளிருந்து பர்ஸை எடுத்து, அதிலிருந்து பாதி காலியான ஒரு அட்டையை நீட்டினாள். பச்சையும் வெள்ளையுமான கேப்ஸ்யூல்.

தமிழரசி அதை வாங்கிப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தம் வடிந்து போனது பவுனுக்கு நன்றாகத் தெரிந்தது.

"எப்பலேர்ந்து போடறீங்க?"

"ஒரு வாரமா இருக்கும்."

"ஒரு நாளைக்கு எத்தனை? வேற ஏதாவது மாத்திரை போடறீங்களா? படபடப்பு இருக்கா? கை நடுங்குதா?" மளமளவென்று கேட்டாள். அமலாவின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள், பி.பி. பார்த்தாள். இந்தத் தடவை முள்ளில் கண் நிற்கவில்லை. "பயப்பட ஒண்ணும் இல்ல அக்கா. ஆனா இனிமே ஒண்ணுகூடப் போடாதீங்க. நாளைக்கு ஃபாக்டரி ஹாஸ்பிடல்ல இந்த அட்டையைக் காட்டி, இத்தனை சாப்பிட்டேன்னு சொல்லிடுங்க."

நாலு நாளாய்க் காணாமல் போயிருந்த பெண் திரும்பி வந்துவிட்டாள் என்று பவுனுக்குத் தோன்றியது. ஆனால் அமலா விடுகிற ஆளா?

"அப்ப இது தூக்க மாத்திரை இல்லியா? எதுக்குள்ள சாம்பிள் இது?"

"இது சாம்பிள் இல்ல."

"பின்னே?"

தமிழரசி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னோடது" என்றாள். "எனக்கு டாக்டர் குடுத்தது. மனசு சரியில்லாம இருக்கறதுக்கு. டிப்ரஷன்னு சொல்வாங்க."

சுப்பையா கடகடவென்று சிரித்தார். பெஞ்சு அதிர்கிற மாதிரிச் சிரிப்பு.

"அட நீங்க ஒண்ணு! அது பாடம்லா! மருந்தைப் பத்தியே ஒரு பாடம் இருக்கு அவளுக்கு. அதுக்கு மாத்திரை எல்லாம் கொண்டு போய்க் காட்டணும். டாக்டரம்மா தூக்கக் கலக்கத்துல என்னமோ பேசுதா. போங்க, எல்லாரும் அடுத்த வாரம் வாங்க." காசிம் பாய் எழுந்திருக்கும் முன்பே பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கிவிட்டார்.

வந்தவர்கள் போனார்கள். யாரும் நம்பவில்லை என்பது அவர்கள் நடந்துபோன நடையிலேயே தெரிந்தது. தமிழரசி எழுந்து உள்ளே போனாள். சுப்பையா பையை எடுத்துக்கொண்டார். "கறி வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லி ஸ்கூட்டரை உதைத்தார். கறி எடுப்பதாகப் பேச்சே இல்லை.

பவுன் உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போன தடவை வந்தப்ப கோட்டுலேர்ந்து எடுத்தியாம்மா?" என்று தமிழரசியே கேட்டாள்.

"ஆமா தாயி. சாம்பிள்னு நெனச்சிட்டேன். என் கையில கொள்ளி வைக்க. அவ தூக்கம் இல்லன்னு வந்து நின்னா, புதுசா இருக்கே, நல்லதா இருக்கும்னு எடுத்துக் குடுத்துட்டேன்."

"நான் பஸ்ல விழுந்துடுச்சுன்னு நினைச்சேன்."

"வேற வாங்கியிருக்கலாம்லா?"

"டாக்டர்கிட்ட போய்த் தொலைச்சுட்டேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. நாளைக்குப் போலாம், நாளைக்குப் போலாம்னு இருந்தேன். அப்புறம் எழுந்துக்கவே முடியலம்மா. கிளாஸுக்குப் போகல, வார்டுக்குப் போகல. குளிக்கக்கூட முடியல."

கொஞ்சம் கொஞ்சமாய் வந்தது. தீபாவளிக்கு முன்னாலிருந்தே இப்படித்தான். படித்தது மண்டையில் நிற்கவில்லை. சாப்பாடு மண் மாதிரி இருந்தது. ரூமில் கூட இருக்கும் தீப்திதான் பிடித்துத் தள்ளாத குறையாகக் கேம்ப் என்கிற கடைவீதிப் பக்கம் தனியாக கிளினிக் வைத்திருந்த ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனாள்.

"உங்க காலேஜ்லயே எத்தனை டாக்டரு இருக்காவ. கேம்ப்புக்கு எதுக்குப் போவணும்?"

"அங்க மனநோய் ஓ.பி.ல உக்காந்திருக்கறவர்தான் எங்களுக்குக் கிளாஸ் எடுக்கறார். சீட்டு எழுதறவங்க என் சீனியர். போய் நின்னா மத்தியானத்துக்குள்ள காலேஜ் பூரா தெரிஞ்சிடும்." தமிழரசி போர்வை நூலை இழுத்துக்கொண்டே பேசினாள். "இந்த மாத்திரையை எங்களுக்குக் கிளாஸ்ல நடத்தினாங்கம்மா. நான் சாப்பிட ஆரம்பிச்ச அதே வாரம். பின்னாடி ஒருத்தன், 'எனக்கு ரெண்டு அட்டை குடுங்க சார்'னு சொன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சத்தமா சிரிச்சேன்."

பவுனுக்கு இதில் பாதி புரியவில்லை. சிரித்த இடம் மட்டும் புரிந்தது.

"எவனாச்சும் பையன் கியன்..." என்று இழுத்தாள். தாய்க்கு அந்தச் சந்தேகம் வராமல் இருக்குமா?

"அய்யோ அம்மா! அப்படி ஒரு காரணம் இருந்தா எனக்கே நல்லா இருந்திருக்குமே. ஒண்ணும் இல்ல. காரணமே இல்லாம இப்படி இருக்கு. அதான் யார்கிட்டயும் சொல்ல முடியல."

காரணமே இல்லாமல். அந்த வார்த்தையில் பவுன் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வசந்தகுமார் பிறந்து மடியில் கிடந்த சமயம். பூனாவுக்கு வந்த புதிது. கடைக்குப் போனால் பாஷை தெரியாது. அக்கம்பக்கம் யாரையும் தெரியாது. குழந்தை அழுதால் தானும் சேர்ந்து அழுதுகொண்டு, அது அழாத நேரத்திலும் அழுதுகொண்டு கிடந்தாள். புருஷன் நல்லவர், குழந்தை கொழுக்மொழுக்கென்று இருந்தது, சோற்றுக்குக் குறைவில்லை. ஆனாலும் சாயந்தரமானால் கால் தானாக ரயில் தண்டவாளப் பக்கம் போகும். பம்பாய் வண்டி போகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு வருவாள். அந்த நினைப்பு எப்போது, எப்படி விட்டுப் போயிற்று என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. யாரும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

"தமிழு" என்றாள். "செத்துப் போயிரலாம்னு தோணுச்சா?"

தமிழரசி நூலை இழுப்பதை நிறுத்தினாள்.

"தோணிச்சு" என்றாள். "அதான் வந்துட்டேன். தீப்தி ஊருக்குப் போயிட்டா. ரூம்ல தனியா இருக்க பயமா இருந்துச்சு. என்னை நினைச்சே பயமா இருந்துச்சும்மா."

பவுன் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். வாரத்தின் நடுவில், பெட்டி படுக்கையோடு வந்த பெண்ணை, 'லீவா' என்று கேட்டோமே! பவுன் அழுதாள். வாயைப் பொத்திக்கொண்டு அழவில்லை. சத்தமாகவே அழுதாள்.

"வந்தியே, நல்லதாப் போச்சு. வந்தியே எங்கண்ணு. இனிமே அப்படித் தோணிச்சுன்னா என்னை உலுக்கி எழுப்பணும். எந்த நேரமா இருந்தாலும் சரி. எழுப்புவியா?"

மடியில் கிடந்த தலை அசைந்தது.

"எனக்கும் ஒருக்க அப்படித் தோணியிருக்கு" என்றாள் பவுன். தமிழரசி சட்டென்று நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். "பெறவு சொல்லுதேன்" என்றாள் பவுன். இவ்வளவு நாள் வாய் திறக்காத விஷயம். ஒரே நாளில் எல்லாவற்றையும் எப்படிச் சொல்வது?

முகத்தைத் துடைத்துக்கொண்டு தமிழரசி கேட்டாள். "அம்மா, கோட்டுல ரெண்டு அட்டை இருந்துச்சு. அமலாக்கா ஒரு வாரமா போட்டும் பாதி மிச்சம் இருக்கு, அப்ப அவங்களுக்குக் குடுத்தது முழு அட்டை. நான் பாதி சாப்பிட்ட அட்டை ஒண்ணு இருந்ததே, அதை யாருக்குக் குடுத்தே?"

பவுன் துள்ளி எழுந்தாள். டின்னை எடுத்துத் தரையில் கவிழ்த்தாள். சிவப்பு, வெள்ளி, மஞ்சள் எல்லாம் கொட்டியது. பச்சை வெள்ளை இல்லை. அமலாவைத் தவிர யாருக்கும் கொடுத்ததாக நினைவில்லை. ஒருவேளை பின் லைன் கிழவருக்குக் கொடுத்தோமோ? அவர் இருதய நோயாளி ஆயிற்றே!

அந்த நேரம் பார்த்து ஸ்கூட்டர் சத்தம். சுப்பையா கறிப் பையோடு உள்ளே வந்தார். தரையில் இறைந்து கிடந்த மாத்திரைகளையும், அதற்கு நடுவில் உட்கார்ந்திருந்த பெண்டாட்டியையும் மகளையும் பார்த்தார்.

"இன்னொரு அட்டையைக் காணோங்க. எந்தப் பாவிக்குக் குடுத்தேன்னு தெரியலையே" என்றாள் பவுன்.

சுப்பையா பையைக் கீழே வைத்தார். வெளியே போனார். ஸ்கூட்டர் டிக்கியைத் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் கையில் பச்சை வெள்ளை அட்டை.

"எங்கிட்ட இருக்கு" என்றார்.

ஒரு நாள் தலைவலிக்கு மாத்திரை தேடி டின்னைத் திறந்திருக்கிறார். சாம்பிள் என்றால் முழு அட்டையாக அல்லவா இருக்கும்? இதில் பாதி காலி. யார் தின்றது என்று யோசித்திருக்கிறார். ஃபாக்டரி டிஸ்பென்சரி கம்பவுண்டரிடம் கொண்டுபோய்க் காட்ட, "யாருக்கு இது? தலை சரியில்லாதவங்களுக்குக் குடுக்கறதாச்சே" என்று அவன் ஹிந்தியில் சொல்லியிருக்கிறான். டின்னுக்கு வருவதெல்லாம் மகள் கோட்டிலிருந்துதானே! சுப்பையா யாருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்து, அட்டையை டிக்கிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்.

"தெரிஞ்சேயா ஒளிச்சு வச்சிய?" பவுன் எழுந்து நின்றாள். "புள்ளை இப்படிக் கெடக்கா, அலுப்பு அலுப்புன்னு சொன்னிய. தெரிஞ்சுமா பெஞ்சைத் தூக்கிப் போட்டிய? நம்ம புள்ளை செத்திருந்தா என்னய்யா செய்வே?"

கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் ஒருமையில் பேசியதில்லை. இன்றைக்குப் பேசிவிட்டாள். அவரும் அதற்குக் கோபப்படவில்லை. 'செத்திருந்தா' என்ற வார்த்தையிலேயே அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்த மாத்திரையத் தின்னா மூளை மழுங்கிரும், விடவே முடியாதுன்னு ஃபாக்டரியில சொன்னாவ. படிப்பு போயிருமேன்னு பயந்தேன். மாத்திரை இல்லன்னா அது தானா சரியாயிரும்னு... எனக்கு என்ன தெரியும் பவுனு?" அட்டையைக் கையில் வைத்து உருட்டினார். "ஒண்ணை நான் முழுங்கியும் பாத்தேன். எம்புள்ளை என்னத்தைத் திங்குதுன்னு தெரிய வேண்டாமா?"

"அப்பா!" என்று தமிழரசி பதறினாள். "மெஷின்ல வேலை பாக்கறீங்க! என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. ரெண்டு கொட்டாவி வந்துச்சு."

தமிழரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய் கோணாத சிரிப்பு. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் நீர் கொட்டியது. "ஒரு மாத்திரையில எதுவும் தெரியாதுப்பா. வாரக்கணக்கில போடணும். மூளையெல்லாம் மழுங்காது. சாப்பாடு ருசிக்க ஆரம்பிச்சுது எனக்கு, அப்பத்தான் தொலைஞ்சு போச்சு."

சுப்பையா அட்டையை அவள் உள்ளங்கையில் வைத்தார். "இந்தா. இப்பவே போடு."

"நடுவுல விட்டுட்டேன். நாளைக்கு டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் போடணும்." கொஞ்சம் தயங்கினாள். "வீட்டுலேர்ந்து ஒருத்தர் வரணும்னு முதல் நாளே சொன்னாங்க. நான்தான், அப்பா அம்மா தமிழ்நாட்டுல இருக்காங்க, பூனாவுல யாரும் இல்லன்னு சொல்லிட்டேன்."

ஒரு பஸ் தூரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு, யாரும் இல்லை என்று சொல்லியிருக்கிறாள்! சுப்பையா வருகிறேன் என்று சொல்லவில்லை. கறிப் பையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய், வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார். அந்த மௌனம் பவுனுக்கு மத்தியானம் முழுக்க நெஞ்சில் முள்ளாய் இருந்தது. இவர் வர மாட்டாரோ? லைனுக்குப் பயந்து மறுபடி டிக்கிக்குள் பூட்டிவிடுவாரோ?

தமிழரசி கறிக்குழம்பை ஊற்றிக் கொஞ்சம் சாப்பிட்டாள். ருசி தெரிந்ததா என்று பவுன் கேட்கவில்லை.

வெயில் தாழ்ந்து, பையன்கள் லைனுக்கு நடுவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த நேரம். கதவு தட்டும் சத்தம் கேட்டது. சுப்பையாதான் திறந்தார். வாசலில் அமலா.

"தமிழு இருக்காளாண்ணே? டாக்டரைக் கொஞ்சம் பாக்கணும்."

பவுன் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். உள்ளறையில் தமிழரசி காதைத் தீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. பந்து பொறுக்க வந்த பையனுடைய அப்பா தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரி கோலப் பொடி டப்பாவோடு வெளியே வந்திருந்தாள்.

"இன்னைக்கு டாக்டர் இல்லம்மா" என்றார் சுப்பையா. தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு, மெஷின் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகிய அதே குரலில், லைன் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார். "எம்மவ அரசிக்கு மனசு சொகமில்ல. காலைல நான் சொன்னது பொய். நாளைக்கு லீவு போட்டுட்டு நானே அவளை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். சொகமாகுற வரைக்கும் இங்க பெஞ்சு கெடையாது."

அரசி! பெயர் சொல்லிவிட்டாரே மனுஷர்! பவுன் கையிலிருந்த கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளறையில் விசும்பல் கேட்டது. இந்த அழுகைக்குப் பவுன் பயப்படவில்லை.

அமலா நகரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி உள்ளே போகும் வரை காத்திருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"நாளைக்கு எந்த பஸ்ஸுல போறீங்கண்ணே? நானும் கூட வரட்டுமா?"

"நீயா? நீ எதுக்கும்மா?"

அமலா சால்வை நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள். அப்போதுதான் பவுனுக்கு உறைத்தது. மாதக்கணக்காக இவள் தூக்கமில்லை என்று வந்து நிற்கிறாள். நீல டின்னைத் திறந்து, சிவப்பைக் கொடுத்தோம், மஞ்சளைக் கொடுத்தோம், கடைசியில் பெற்ற மகளின் மருந்தையே எடுத்துக் கொடுத்தோம். ஏன் தூக்கமில்லை என்று ஒரு நாள் கேட்டோமா?

பவுன் கரண்டியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"ஏன் அமலா, எதனால தூக்கம் வரல ஒனக்கு?"

அமலா திரும்பி, எதிர் லைனில் விளக்குப் போடாமல் இருந்த தன் வீட்டைப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, கதவைத் தானே சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.